ஒரு முட்டைக்கு ஒன்றரை வருடம்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், ஸ்கொட்லாந்தில் வசிக்கும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னிடம் தொலைபேசியில், "அக்கா, நீங்கள் ஏதாவது பிரயோசனமான விடயம் கதைக்கவேணும்" என்று கேட்டபோது, "மீனைப் பற்றிக் கதைக்கிறேன்" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. நூற்றாண்டு விழாவில் மீனா என்று அவர் யோசித்திருப்பார். ஆனால் என்னோடு விடுதியில் இருந்தவர்கள் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். வடமராட்சிக் கரையோரத்திலிருந்து தகரப் பெட்டியோடு வந்து இறங்கிய நாளிலிருந்து நான் இங்கே "மீன்காரப் பிள்ளை"தான். அந்தப் பெயரை முதலில் வைத்தவர்கள் அன்போடு வைக்கவில்லை. என் சீருடையில் மணக்கிறது என்று பக்கத்தில் இருக்க மறுத்த பிள்ளைகளும் இருந்தார்கள். அதை இன்று குறையாகச் சொல்லவில்லை. அது எப்படி மாறியது என்பதற்காகச் சொல்கிறேன்.

உயர்தர வகுப்பில் எங்கள் விலங்கியல் ரீச்சர் ஒருநாள் என்னைப் பார்த்து, "பிள்ளை, திங்கட்கிழமை வரும்போது ஐயாட்டைச் சொல்லி ஒரு திருக்கை கொண்டு வாரும். புத்தகத்திலை இருக்கிற படம் சரியில்லை" என்றார். ஐயா ஒன்றல்ல, இரண்டு கொடுத்துவிட்டார். ஓலைப் பையில் சுற்றி, பேருந்தில் எல்லோருடைய முறைப்பையும் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தேன். ரீச்சர் அதை மேசையில் வைத்து வெட்டினார். உள்ளே நான்கு குட்டிகள் இருந்தன. வகுப்பே எழும்பி வந்து சுற்றி நின்றது. "இது எப்ப குட்டி போடும்? எங்கை போடும்?" என்று ரீச்சர் என்னைக் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எந்த மாதத்தில் களப்புப் பக்கம் ஏறும், ஐயா எந்த மாதத்தில் அந்தப் பக்கம் வலை போடமாட்டார் என்று சொன்னேன். ரீச்சர் சோக்கட்டியை எடுத்து நான் சொன்னதைக் கரும்பலகையில் எழுதினார். என் ஐயாவுக்குத் தெரிந்த ஒன்று கரும்பலகையில் எழுதப்படும் என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை.

அந்தத் திங்கட்கிழமைதான் என்னை உயிரியல் ஆசிரியையாக்கியது. 1980களின் பிற்பகுதியில் நாட்டை விட்டுப் போய், பல கஷ்டங்களுக்குப் பிறகு ஸ்கொட்லாந்தில் ஒரு பாடசாலையில் அதே பாடத்தைப் படிப்பித்து ஓய்வு பெற்றேன். இன்று உங்களுக்குச் சொல்ல வந்ததும் ஒரு திருக்கையின் கதைதான். அது எங்கள் கடல் திருக்கை அல்ல, குளிர்க்கடல் திருக்கை. நான் ஆராய்ச்சியாளர் அல்ல. கரையில் நடந்து பார்த்தும், படித்தும், கேட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

தமிழில் தட்டையாக இருக்கும் எல்லாவற்றையும் திருக்கை என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் அதில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. எங்கள் கரையில் வருகிற முள்வால் திருக்கைகள் குட்டி போடுபவை. வாலில் நஞ்சுமுள் உண்டு. திருக்கை வால் என்றால் இங்கே சிலருக்கு இன்னும் முதுகு கூசும்! மற்றக் குடும்பம் ஸ்கேற் என்று அழைக்கப்படுவது. அவை குட்டி போடுவதில்லை, முட்டை இடும். வாலில் முட்கள் உண்டு, ஆனால் நஞ்சுமுள் இல்லை.

அந்தக் குடும்பத்தில் உலகிலேயே மிகப் பெரியது பிளாப்பர் ஸ்கேற். வளர்ந்த பெண் ஸ்கேற் 2 மீற்றருக்கு மேல் நீளமாக இருக்கும். நிறை 100 கிலோகிராம் வரை போகும். எங்கள் வீட்டுக் கதவொன்றைக் கழற்றிக் கடலடியில் படுக்கப் போட்டால் எப்படி இருக்குமோ அப்படி. ஒரு காலத்தில் பிரித்தானியாவைச் சுற்றியுள்ள கடலெங்கும் இருந்தது. அவ்வளவு தாராளமாக இருந்தபடியால் ஆங்கிலத்தில் அதற்கு வைத்த பெயரே "சாதாரண ஸ்கேற்" என்பதுதான்.

1981ஆம் ஆண்டு கீத் பிராண்டர் என்ற மீன்வள ஆய்வாளர் "நேச்சர்" சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள ஐரிஷ் கடலில் சாதாரண ஸ்கேற் இல்லாமல் போய்விட்டது என்பதே அதன் செய்தி. மீன்பிடியால் ஒரு கடல் மீன் ஒரு பிரதேசத்திலிருந்தே துடைத்தெடுக்கப்படலாம் என்பதற்கு அது முக்கியமான எடுத்துக்காட்டாக இன்றும் சொல்லப்படுகிறது. யாரும் அதைக் குறிவைத்து அழிக்கவில்லை. மற்ற மீன்களுக்காக இழுத்த வலையில் அதுவும் அகப்பட்டது. பிறக்கும்போதே பெரிய உடம்பென்பதால் வலைக் கண்ணால் தப்பிப் போக முடியாது. மற்ற மீன்கள் இலட்சக்கணக்கில் முட்டையிட்டு இழப்பை ஈடுசெய்யும். இந்த மீன் பருவமடையவே பத்து ஆண்டுகளுக்கு மேல் செல்லும். அதன் பிறகும் ஒரு பருவத்தில் இடுவது சில பத்து முட்டைகள்தான்.

2006இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் அது "அழிவின் விளிம்பில்" என்ற கடைசிப் படிக்குப் போனது. 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் அதைப் பிடித்துக் கரை சேர்ப்பதைத் தடை செய்தது. வலையில் வந்தால் திரும்பக் கடலில் விடவேண்டும்.

அந்த நேரத்தில்தான் இன்னொரு செய்தி வந்தது. பிரான்சில் சாமுவேல் இக்லேசியாஸ் என்பவரும் அவருடைய சகாக்களும், "சாதாரண ஸ்கேற்" என்று இவ்வளவு காலமும் ஒரே பெயரில் எழுதி வந்தது உண்மையில் இரண்டு வெவ்வேறு இனங்கள் என்று காட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டில் அவற்றை வேறுவேறாகத்தான் எழுதி வைத்திருந்தார்கள். 1920களில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். ஏறத்தாழ 80 வருடங்களாகச் சந்தைக் கணக்கிலும் அரச கணக்கிலும் இரண்டும் ஒரே நிரலில் எழுதப்பட்டன. இரண்டில் பெரியதும் மெதுவாக வளர்வதும்தான் பிளாப்பர் ஸ்கேற். சின்னது கொஞ்சம் தாக்குப் பிடித்ததால், பெரியது போய்க்கொண்டிருப்பது கணக்கில் தெரியவேயில்லை. வரவுப் புத்தகத்தில் இரண்டு பிள்ளைகளை ஒரே பெயரில் பதிந்தால், ஒரு பிள்ளை வராமல் விட்டாலும் ரீச்சருக்குத் தெரியாது அல்லவா? அதுதான் நடந்தது.

இப்போது முட்டைக்கு வருகிறேன்.

இதோ என் கையில் இருப்பது பிளாப்பர் ஸ்கேற்றின் வெறும் முட்டைக்கூடு. குஞ்சு வெளியேறிய பிறகு கரையில் ஒதுங்கியது. பார்த்தபின் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொடுங்கள், பயப்பட வேண்டாம், மணக்காது! ஒரு சாணுக்கு மேல் நீளம். கறுப்பு நிறம், தோல் பை போல இருக்கும். நான்கு மூலையிலும் கொம்பு. அந்த நாட்டுப் பிள்ளைகள் இவ்வகைக் கூடுகளைக் கடற்கன்னியின் பணப்பை என்பார்கள். இந்தப் பைக்குள் ஒரேயொரு குஞ்சுதான். தாய் இட்டுவிட்டுப் போய்விடும். காவல் இருப்பதில்லை. குஞ்சு மஞ்சட்கருவை உண்டு உள்ளே வளரும். கொஞ்சம் வளர்ந்ததும் பையின் ஓரத்திலுள்ள சிறு வெடிப்புகள் திறக்கும். அதன் பிறகு குஞ்சு உள்ளே இருந்தபடி வாலை ஆட்டி ஆட்டிப் புது நீரை உள்ளே இழுத்து மூச்சு விடும். அந்த வெடிப்புகள் சேறு படிந்து அடைபட்டால் குஞ்சு மூச்சுத் திணறிவிடும்.

எத்தனை நாள் இப்படி இருக்கும்? தொட்டியொன்றில் வைத்துக் கவனித்த ஒரு முட்டை பொரிக்க 534 நாட்கள் எடுத்தது. ஏறத்தாழ ஒன்றரை வருடம்! கோழிக்கு 21 நாள். நாங்கள் பத்து மாதம் சுமந்ததைப் பெரிதாகச் சொல்கிறோம். இந்தப் பை ஒன்றரை வருடம், இரண்டு மாரி கடந்து, அதே இடத்தில் கிடக்கவேண்டும். ஒருவரும் தட்டக்கூடாது, புரட்டக்கூடாது.

ஆகவே தாய் இடம் பார்த்துத்தான் இடும். மணலில் இடாது, சேற்றிலும் இடாது. 25 முதல் 50 மீற்றர் வரையான ஆழத்தில், பாறாங்கற்கள் குவிந்த இடத்தில், கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள சந்தில் இடும். நீரோட்டம் சேறு படியாத அளவுக்கு ஓடவேண்டும், முட்டையை அடித்துக்கொண்டு போகாத அளவுக்கு அமைதியாகவும் இருக்கவேண்டும். இப்படிப்பட்ட இடம் எல்லா இடமும் இல்லை. அதனால்தான் பல தாய்கள் ஒரே இடத்தைத் தேடி வருகின்றன. நல்ல இடம் கிடைத்தால் நல்லதுதான். ஆனால் அந்த ஓரிடம் பாழானால் பல வருடத்துக் குஞ்சுகள் ஒரே நாளில் போய்விடும்.

ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையில் ஸ்கை என்றொரு பெரிய தீவு. அதற்கும் பெருநிலத்துக்கும் இடையில் உள் நீரிணை என்று ஒரு கடல் உண்டு. அங்கே லோங்கே என்ற சிறு தீவுக்குப் பக்கத்தில், செம்பாறைகள் என்று பொருள்படும் ரெட் ரொக்ஸ் என்ற இடத்தில்தான் இந்த முட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டன. முதலில் கண்டவர்கள் பல்கலைக்கழகத்தார் அல்ல, சுழியோடிகள். அங்கே ஸ்கலொப் என்றொரு சிப்பி இருக்கிறது, நல்ல விலை போகும். அதை எடுக்க இரண்டு வழி. ஒன்று, எங்கள் ஆட்கள் சங்கு குளிப்பதுபோலச் சுழியோடிப் போய்க் கையால் பொறுக்குவது. மற்றது, இரும்புப் பல் வைத்த சட்டங்களையும் சங்கிலிப் பைகளையும் படகில் கட்டிக் கடலடியைச் சுரண்டி இழுப்பது. கையால் பொறுக்கப் போனவர்கள்தான் கல்லிடுக்குகளில் இந்தக் கறுப்புப் பைகளைக் கண்டு தெரியப்படுத்தினார்கள். அரச நிறுவனங்கள் கமராவை இறக்கிப் பார்த்தன. 100க்கு மேற்பட்ட முட்டைகள். ஸ்கொட்லாந்தில் அறியப்பட்டவற்றில் மிகப் பெரிய முட்டையிடும் இடம் அது.

2021 மார்ச்சில் ஸ்கொட்லாந்து அரசு அந்த இடத்தை அவசரப் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனம் செய்தது. வழமையாக இப்படி ஒரு பிரகடனத்துக்கு வருடக்கணக்கில் ஆய்வும் கருத்துக் கேட்பும் நடக்கும். ஆனால் சுரண்டு பொறி ஒருமுறை போய்விட்டால் பாதுகாக்க ஒன்றும் மிஞ்சாது. அந்தப் பாடத்தை அவர்கள் ஏற்கெனவே படித்திருந்தார்கள். 2017 ஏப்ரிலில், அதே உள் நீரிணைக்குக் கிட்டவுள்ள லொக் கரன் என்ற கடனீரேரியில் ஒரு படகு சுரண்டு பொறி இழுத்து, தீச்சுடர் நிறத்துச் சிப்பிகள் கட்டியிருந்த அருமையான படுகையைச் சேதமாக்கியது. அந்தப் படகு சட்டத்தை மீறவில்லை. அந்த இடத்துக்குச் சட்டமே இருக்கவில்லை. சுழியோடிகள் எடுத்த படங்கள் வெளிவந்த பிறகுதான் அரசு அவசரமாக அந்த இடத்தை மூடியது. அழிவுக்குப் பின் வந்த பாதுகாப்பு அது. ரெட் ரொக்ஸில் முதல் தடவையாக அழிவுக்கு முன்னர் பாதுகாப்பு வந்தது. முதலில் தற்காலிகமாக மூடி, பிறகு ஆராய்ந்து, பொதுமக்களின் கருத்தையும் கேட்டு, 2023இல் அதை நிரந்தரமாக்கினார்கள்.

நல்ல செய்திதானே என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தோடு ஊரிலுள்ள என் அண்ணருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஐயாவுக்குப் பிறகு வள்ளத்தை நடத்தினவர் அவர்தான். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்குமட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"தங்கச்சி, அங்கை ஆர் ஆர் போகக்கூடாது?"

"சுரண்டுறவையும் போகேலாது, தூண்டில் போடுறவையும் போகேலாது, சுழியோடுறவையும் போகேலாது அண்ணை. எல்லாம் மறிச்சாச்சு."

"அப்ப கண்டு சொன்னவனும் போகேலாது?"

"போகேலாது."

"அவனுக்கு என்ன குடுத்தவங்கள்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அண்ணர் கோபத்தில் கேட்கவில்லை. அவருக்குக் கடல் மறிப்பு என்றால் என்னவென்று தெரியும். யுத்த காலத்தில் எங்கள் கடல் எத்தனை வருடம் மறிக்கப்பட்டிருந்தது! பாஸ் இல்லாமல் இறங்கக்கூடாது, இரவில் போகக்கூடாது, இந்தத் தூரத்துக்கு அப்பால் போகக்கூடாது. வள்ளம் கரையில் கிடந்து வெடித்தது. ஐயா ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி, போக முடியாத கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். பாதுகாப்பு வலயம் என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் ஊர் ஆட்களுக்கு மீனின் நினைவு வராது. மறியல்தான் நினைவுக்கு வரும்.

அந்த இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. ஒரு மீனுக்காகச் சந்தோஷப்பட்ட நான், அந்தச் சுழியோடிகளைப் பற்றி ஒரு நிமிடமும் யோசிக்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது. தங்களுக்குச் சோறு போட்ட இடத்தை, அங்கே எதைக் கண்டோம் என்று உண்மை சொன்னதற்காக இழந்தவர்கள் அவர்கள். பேசாமல் இருந்திருந்தால் இன்றும் போய்ப் பொறுக்கியிருக்கலாம்.

ஆனாலும் பிறகு யோசித்துப் பார்த்தபோது இரண்டு மறிப்பும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெளிவாயிற்று. எங்கள் கடலை மறித்தவர்கள் எங்களை அதில் ஒரு தரப்பாகவே கணக்கெடுக்கவில்லை. எப்போது திறக்கும் என்றும் சொல்லவில்லை. ரெட் ரொக்ஸில் மூடப்பட்டது ஒரு சிறு துண்டுக் கடல். காரணம் சொல்லப்பட்டது. அந்தக் காரணத்தைக் கண்டு சொன்னவர்களே கடலோடு வாழ்பவர்கள். ஆனால் அண்ணரின் கேள்வி அப்படியே நிற்கிறது. கடலைப் பாதுகாப்பதன் விலையை யார் கொடுப்பது? அதை மிகச் சிறிய வருமானக்காரரே எப்போதும் கொடுப்பதாக இருந்தால், அடுத்த சுழியோடி கண்டதைச் சொல்லமாட்டான். கண்டவன் சொல்லாவிட்டால் சட்டத்தால் என்ன பாதுகாக்க முடியும்? சுரண்டு பொறியையும் கையால் பொறுக்குபவனையும் ஒரே கோட்டால் அடிக்கும் சட்டம் அவசரத்துக்குச் சரி. நிரந்தரத்துக்கு அது போதாது என்பதே என் தாழ்மையான அபிப்பிராயம்.

இதை வைத்துக்கொண்டு பாதுகாப்பே வேண்டாம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அதே மேற்குக் கரையில், லொக் சூனார்ட் முதல் ஜூரா நீரிணை வரையான கடற்பரப்பு 2014இல் இந்த ஸ்கேற்றுக்காகவே பாதுகாப்புப் பிரதேசமாக்கப்பட்டது. அங்கே தூண்டில் போடுபவர்கள் பிடித்த மீனைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பக் கடலில் விடுகிறார்கள். ஒவ்வொரு ஸ்கேற்றின் முதுகுப் புள்ளிகளும் வேறுவேறு, எங்கள் கைரேகை போல. அந்தப் படங்களை ஆராய்ச்சியாளர் சேர்த்து, இது முன்பு வந்த மீன், இது புது மீன் என்று பதிந்து வருகிறார்கள். அதனால் அநேகமான மீன்கள் வருடக்கணக்காக அந்தப் பகுதியை விட்டுப் போவதில்லை என்று தெரிய வந்தது. ஒரு காலத்தில் அவற்றைக் கொன்று தூக்கிப் பிடித்துப் படம் எடுத்த அதே தூண்டில்காரர்களே இப்போது கணக்கெடுப்பவர்கள். விலக்கி வைக்காமல் சேர்த்துக்கொண்டதால் கிடைத்த பலன் இது.

கரையில் நடப்பவர்களுக்கும் வேலை உண்டு. ஷார்க் ட்ரஸ்ற் என்ற அமைப்பு 2003ஆம் ஆண்டு முதல் முட்டைக்கூடு தேடலை நடத்தி வருகிறது. கரையில் ஒதுங்கிய வெறுங்கூட்டை எடுத்து, நீரில் ஊற வைத்து, எந்த இனம் என்று பார்த்து, இடமும் திகதியும் எழுதி அனுப்பலாம். என் மாணவர்களை ஒவ்வொரு வருடமும் கூட்டிக்கொண்டு போவேன். இப்போது பேரப்பிள்ளைகளோடு போகிறேன். மழையும் காற்றும் முகத்தில் அடிக்க, முழங்கால் வலியோடு, கறுப்புப் பாசிக்குள் கறுப்புப் பையைத் தேடும் வேலை. கிடைக்காத நாளே கூட.

இனி எங்கள் கடலுக்கு வருகிறேன்.

என் பாட்டனார் வீட்டுச் சுவரில் ஒரு வேளாக் கொம்பு தொங்கிற்று. வாள் போல நீண்டு, இரு பக்கமும் பல் வைத்தது. வேளா என்ற அந்த மீனும் திருக்கைகளின் இனத்தைச் சேர்ந்ததுதான். பாட்டனார் பிடித்தார். ஐயா கண்டார். அண்ணர் கேள்விப்பட்டார். இலங்கைக் கடலில் இன்று இளம் மீனவர் அநேகருக்கு அதை உயிரோடு கண்ட அனுபவமே இல்லை. எந்த வருடம் கடைசியாக வந்தது என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது, ஏனென்றால் ஒருவரும் எழுதி வைக்கவில்லை. ஐரிஷ் கடலில் ஸ்கேற் இல்லாமல் போனதை ஒருவர் எழுதியதால்தான் உலகம் அறிந்தது. எங்கள் வேளா சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது.

ஸ்கொட்லாந்தில் இரும்புப் பல் செய்யும் வேலையை எங்கள் பாக்கு நீரிணையில் இழுவைமடி செய்கிறது. அது கடலடியில் இருப்பதையெல்லாம் வாரிக்கொண்டு போகிறது. பாசி, சிப்பி, நண்டு, மீன்குஞ்சு, முட்டை எதுவும் தப்பாது. எங்கள் கடலிலும் கடலடியில் முட்டைக்கூடு ஒட்டிவிட்டுப் போகும் மூங்கில் சுறா உண்டு. 2017இல் இலங்கைப் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி இழுவைமடியைத் தடை செய்தது. அதைக் கேட்டுப் போராடியவர்கள் வடக்கு மீனவர்களே. தங்கள் கடலைப் பாதுகாக்கும் தடையைத் தாங்களே கேட்டு வாங்கினார்கள். ஆகவே எங்கள் மீனவர் பாதுகாப்புக்கு எதிரி என்று ஒருவரும் சொல்லமுடியாது. மன்னாரில் விடத்தல்தீவுக் கடலும் கண்டலும் 2016இல் இயற்கை ஒதுக்கிடமாகப் பிரகடனம் செய்யப்பட்டன. சட்டம் எழுதியாயிற்று. அது காகிதத்தில் கிடக்குமா கடலில் நிற்குமா என்பதுதான் இனிக் கேள்வி.

இங்கே இருக்கும் இன்றைய மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் கரையோரத்திலிருந்து வருபவர்கள் இருப்பீர்கள். கை உயர்த்தச் சொல்லி நான் கேட்கமாட்டேன், அந்தக் கூச்சம் எனக்குத் தெரியும். உங்கள் அப்பாவிடம், பாட்டனிடம், மீன் விற்கப் போகும் ஆச்சியிடம் கேளுங்கள். எந்த மீன் எந்த மாதம் சினையோடு வரும்? எந்தக் கல்லில் முட்டை காணலாம்? எந்த மீனை இப்போது காணவில்லை? கேட்டதைத் திகதியோடு கொப்பியில் எழுதுங்கள். அப்படியொரு கொப்பியை விலங்கியல் ஆய்வுகூடத்தில் வைக்க அதிபர் அவர்கள் அன்போடு சம்மதித்திருக்கிறார்கள். வெளிநாட்டுக் கிளைகளிலுள்ள சகோதரிகளே, கட்டடத்துக்குப் பணம் சேர்ப்பது நல்ல காரியம். அதோடு, அந்தக் கொப்பியை எழுதும் பிள்ளை ஒருத்தி கடலியல் படிக்க விரும்பினால் அவளுக்குக் கைகொடுப்பதையும் உங்கள் யோசனையில் வையுங்கள்.

முதல் பக்கத்தை நான் எழுதிவிட்டேன். என் அண்ணர் போன கிழமை சொல்லச் சொல்ல எழுதியது. எந்தக் களப்பு வாயில், எந்த மாதம், எந்தத் திருக்கை குட்டி போட ஏறும் என்று அதில் இருக்கிறது. சொல்லிவிட்டு அவர் சிரித்துக்கொண்டு, "இதை எழுதிப்போட்டு என்னை அங்கை போகவிடாமல் மறிக்கமாட்டியள்தானே?" என்று கேட்டார். "உங்களைக் கேட்காமல் மறிக்கமாட்டம் அண்ணை" என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த வாக்கைக் காப்பாற்றும் பொறுப்பு இனி உங்களுடையதும்தான்.

எங்கள் விலங்கியல் ரீச்சர் இன்று எங்களோடு இல்லை. ஓலைப் பையில் வந்த திருக்கையை முகம் சுளிக்காமல் வாங்கி மேசையில் வைத்த அந்தக் கைகளை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.  சுற்றுக்கு விட்ட முட்டைக்கூடு இப்போது யார் கையில் இருக்கிறதோ, அதைத் தயவுசெய்து ஆய்வுகூடத்துக்குக் கொடுத்துவிடுங்கள். அது நான் பாடசாலைக்குக் கொண்டு வந்தது.